விருந்தும் கூலியும்: ‘சூடானி ஃப்ரம் நைஜீரியா’ திரைப்படத்தில் அயலார் நட்பு

ஆய்வுச்சுருக்கம்

2018ஆம் ஆண்டு வெளிவந்த ‘சூடானி ஃப்ரம் நைஜீரியா’ என்னும் மலையாளத் திரைப்படம், மலப்புரம் வட்டாரத்தின் செவன்ஸ் கால்பந்து அணியொன்றின் மேலாளருக்கும் அவ்வணிக்காக ஆட வந்த நைஜீரிய வீரருக்கும் இடையே உருவாகும் நட்பைச் சொல்கிறது. அயலாரை அரவணைக்கும் மனிதநேயப் படம் என்றே இது பெரிதும் பாராட்டப்பட்டுள்ளது. கூலி உறவு விருந்து உறவாக மாறும் இடத்தில்தான் அந்த நட்பு தோன்றுகிறது என்பதையும், அம்மாற்றத்தால் கிடைப்பதையும் மறைவதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. பெயரிடுதல், பெண்களின் உழைப்பு, மாற்றாந்தந்தையின் நிலை, கடவுச்சீட்டுச் சிக்கல், திரைக்கு வெளியே எழுந்த ஊதியச் சர்ச்சை ஆகியவை இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மலையாளத் திரைப்படம், விருந்தோம்பல், அயலார், நட்பு, செவன்ஸ் கால்பந்து, கூலி உழைப்பு.

முன்னுரை

முன்பின் அறியாத இருவர் ஒரு சூழலில் தள்ளப்பட்டு நண்பர்களாவது திரைப்படங்களில் அடிக்கடி இடம்பெறும் கதைக்கூறு. மொழி, இனம், வயது, வகுப்பு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று அவர்களைப் பிரித்து நிற்கும். இறுதியில் அன்பு அப்பிரிவினையைக் கடக்கும். இவ்வகைப் படங்கள் பார்வையாளருக்கு மனநிறைவைத் தருவன. அந்த நிறைவே இவற்றைத் திறனாய்வுக்கு உட்படுத்துவதற்குத் தடையாகவும் அமைந்துவிடுகிறது. நட்பு உண்டாகிவிட்டது என்பதோடு வாசிப்பு நின்றுவிடும்போது, எந்த நிலையில், யாருடைய உழைப்பின் மேல், எதை விலக்கிவிட்டு அந்நட்பு உண்டாயிற்று என்னும் வினாக்கள் கேட்கப்படாமல் போகின்றன.

சக்கரியா முகமது இயக்கிய முதல் படமான ‘சூடானி ஃப்ரம் நைஜீரியா’ 2018 மார்ச் 23 அன்று வெளியானது. முஹ்சின் பராரியுடன் இணைந்து இயக்குநரே திரைக்கதை எழுதினார். ஷைஜு காலித் ஒளிப்பதிவு செய்தார். சவுபின் ஷாகிர் மஜீதாகவும், நைஜீரிய நடிகர் சாமுவேல் அபியோலா ராபின்சன் சாமுவேலாகவும் நடித்தனர். சிறு முதலீட்டில், பெருநடிகர் எவருமின்றி எடுக்கப்பட்ட இப்படம் 66ஆம் தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த மலையாளப் படமாகத் தேர்வுபெற்றது. கேரள அரசு விருதுகளிலும் நடிப்பு, திரைக்கதை, அறிமுக இயக்கம் உள்ளிட்ட பிரிவுகளில் சிறப்பிக்கப்பட்டது. இப்படத்தின் நட்பை அதன் பொருளியல் அடித்தளத்தோடு சேர்த்து வாசிப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

செவன்ஸ் ஆட்டமும் கூலி உறவும்

வடகேரளத்தின் செவன்ஸ் என்பது அணிக்கு எழுவர் ஆடும் கால்பந்து. மலப்புரம், கோழிக்கோடு, பாலக்காடு, திருச்சூர் மாவட்டங்களில் இதற்குப் பெருங்கூட்டம் உண்டு. அறுவடை முடிந்த வயல்களிலும் ஊர்த் திடல்களிலும் தற்காலிகப் பார்வையாளர் மேடைகள் எழுப்பப்பட்டு, இரவில் மின்விளக்கு ஒளியில் ஆட்டங்கள் நடைபெறும். நுழைவுக் கட்டணமும் உள்ளூர்ப் புரவலர்களின் பணமுமே இதன் பொருளாதாரம். ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வரும் வீரர்கள் பருவந்தோறும் ஊதியத்துக்கு அமர்த்தப்படுகின்றனர். விளையாட்டின் வேகத்தைக் கூட்டுவதும் கூட்டத்தை ஈர்ப்பதும் அவர்களிடம் எதிர்பார்க்கப்படும் பணிகள்.

இப்படத்தின் முதற்பகுதி இவ்வுலகைக் கூர்ந்து காட்டுகிறது. மஜீத் வளமான முதலாளி அல்லன். கடன் வாங்கி அணியை நடத்துபவன்; நிலையான வருவாய் இல்லாததால் பெண் கிடைக்காமல் தவிப்பவன். சாமுவேலோ தன் குடும்பத்தைக் காக்கக் கடல் கடந்து வந்த தொழிலாளி. இருவரிடையிலும் முதலில் நிலவுவது ஒப்பந்தம். சாமுவேல் ஆடினால் மஜீதின் அணி வெல்லும். அணி வென்றால் மஜீதுக்குப் பணம் வரும். அதிலிருந்து சாமுவேலுக்கும் கொடுக்க முடியும். ஒருவர் கையில் மற்றவர் பிழைப்பு தங்கியிருக்கும் இந்நிலையைப் படம் கசப்பின்றி, ஆனால் மறைக்காமலும் சொல்கிறது.

சாமுவேல் குளியலறையில் வழுக்கி விழுந்து கால்முறிவு அடைவதில்தான் கதை திரும்புகிறது. ஆடுகளத்தில் அடிபட்டிருந்தால் அது தொழிலில் நேர்ந்த காயமாகியிருக்கும். இழப்பீடு யாருடைய பொறுப்பு என்னும் வினா உடனே எழுந்திருக்கும். குளியலறை விபத்து அவ்வினாவை எழவிடுவதில்லை. காயத்துக்கு எவரும் பொறுப்பில்லை என்றானபின், மஜீத் மேற்கொள்ளும் பொறுப்பு கடமை என்னும் நிலையிலிருந்து கருணை என்னும் நிலைக்கு நகர்கிறது. திரைக்கதையின் இச்சிறு தெரிவு படத்தின் பின்னைய போக்கு முழுவதையும் தீர்மானிக்கிறது. மருத்துவமனைச் செலவைத் தாங்க இயலாத மஜீத், சாமுவேலைத் தன் வீட்டுக்கே அழைத்துச் செல்கிறான். பின்னர் நட்பாக மலரும் உறவின் தொடக்கம் பணமில்லாமை என்பதைப் படம் நேர்மையாகப் பதிவு செய்திருப்பது கவனத்துக்குரியது.

பெயரும் பிழைபெயரும்

மலப்புரம் வட்டாரத்தில் ஆப்பிரிக்க வீரர் எவராயினும் ‘சூடானி’ என்றே அழைக்கப்படுவது வழக்கம். அவர் கானாவைச் சேர்ந்தவரா, நைஜீரியரா என்பது அப்பெயருக்குப் பொருட்டன்று. படத்தின் தலைப்பே இம்முரணின் மேல் கட்டப்பட்டுள்ளது. சூடானிலிருந்து வராத ஒரு சூடானி. அவன் நைஜீரியாவிலிருந்து வந்தவன். சாமுவேல் தன் நாட்டின் பெயரைச் சொல்லித் திருத்த முயல்கிறான். திருத்தம் நிலைப்பதில்லை. பெயர் தொடர்கிறது.

இதனைப் பகைமையின் வெளிப்பாடாகக் கொள்ள இயலாது. அழைப்பவர்களின் குரலில் இழிவு இல்லை. பெரும்பாலும் அன்பே இருக்கிறது. ஆயினும் அன்போடு சொல்லப்படும் பிழைபெயரும் பிழைபெயரே. ஒரு கண்டத்தின் மனிதர் அனைவரையும் ஒரே சொல்லில் அடக்கும் அப்பழக்கம், அவர்களை ஆட்டக்காரர் என்னும் ஒற்றைப் பயன்பாட்டுக்குள் அடக்குவதோடு தொடர்புடையது. யார் வருகிறார் என்பதைவிட எதற்கு வருகிறார் என்பதே முதன்மை பெறும் சூழலில் தனிப்பெயருக்குத் தேவை குறைகிறது.

படம் இப்பழக்கத்தைக் கண்டிக்கவில்லை. கண்டிக்கும் பாத்திரம் ஒன்றைப் படைத்து அறம் உரைக்கவும் இல்லை. அதற்கு மாறாக, தலைப்பின் இரண்டாம் பகுதியான ‘ஃப்ரம் நைஜீரியா’ என்பதை மெல்ல நிரப்புகிறது. சாமுவேலின் பாட்டி, தங்கைகள், போரில் பெற்றோரை இழந்த துயரம், அகதி வாழ்வு ஆகியன ஒவ்வொன்றாகத் தெரியவரும்போது, முதற்பகுதியில் ஒரு வகைமாதிரியாக இருந்தவன் வரலாறு உடைய மனிதனாகிறான். ஆனால் அவ்வரலாற்றை அறிய அவன் படுக்கையில் விழவேண்டியிருந்தது என்பதும் உண்மை. அவன் ஆடிக்கொண்டிருந்த நாள்களில் எவரும் அதைக் கேட்கவில்லை.

கூலியாளர் விருந்தினராதல்

வீட்டுக்குள் நுழைந்த கணத்திலிருந்து சாமுவேலின் நிலை மாறுகிறது. அவன் இப்போது விருந்தினன். இச்சொல் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவானது. மலையாளத்தில் ‘விருந்நு’ என வழங்குகிறது. ‘விருந்து’ என்பதன் பழம்பொருள் புதுமை. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் எண்வகை வனப்புகளுள் ஒன்றாகிய விருந்து, புதிதாக யாக்கப்படும் செய்யுளைக் குறிக்கிறது. எனவே விருந்தினர் என்பவர் அடிப்படையில் புதியவர். உறவினரும் நண்பரும் வருவதைவிட, முன்னர் அறியாத ஒருவர் வருவதே அச்சொல்லின் வேர்ப்பொருளுக்கு நெருக்கமானது. சாமுவேல் அவ்வேர்ப்பொருளில் முழுமையான விருந்தினன்.

அவ்விருந்தை ஓம்புபவர் யார் என்பது அடுத்த வினா. மஜீதின் தாய் ஜமீலாவும் அண்டை வீட்டுத் தோழி பீயும்மாவும் சாமுவேலின் பராமரிப்பை ஏற்கின்றனர். உணவு, மருந்து, வேளைதோறும் கவனிப்பு, வருவோர்க்கு விடை சொல்லுதல் ஆகிய அனைத்தும் அவ்விரு முதிய பெண்களின் கைகளில் நிகழ்கின்றன. கோழிக்கோட்டு நாடக மேடையில் நெடுங்காலம் பயின்ற சாவித்ரி ஸ்ரீதரனும் சரசா பாலுச்சேரியும் இப்பாத்திரங்களை ஏற்றனர். அவர்களின் உடல்மொழியில் பராமரிப்பு ஒரு சிறப்பு நிகழ்வாகத் தோன்றுவதில்லை. நாள்தோறும் செய்துவரும் வேலையின் தொடர்ச்சியாகவே தோன்றுகிறது. அடுப்பின்முன் நிற்பதற்கும் நோயாளியின் அருகில் அமர்வதற்கும் இடையே அவர்கள் வேறுபாடு காட்டுவதில்லை. படத்தின் உண்மைத்தன்மைக்கு இவ்வியல்பான நடிப்பே முதற்காரணம்.

விருந்தோம்பலைப் பெண்ணின் கடமையாக வகுப்பது பழைய மரபு. தொல்காப்பியக் கற்பியல் விருந்து புறந்தருதலைக் கிழத்தியின் மாண்புகளுள் ஒன்றாகச் சொல்கிறது. சேர இளவரசரின் ஆக்கமாக மரபு கருதும் சிலப்பதிகாரத்தில், கணவனைப் பிரிந்திருந்த காலத்தில் விருந்தினரை எதிர்கொள்ளும் பேறு தனக்கு இல்லாமற்போனதைக் கண்ணகி வருத்தத்தோடு குறிப்பிடுகிறாள். விருந்தளிக்கும் பெருமை இல்லத்துக்குச் சேர, உழைப்பு இல்லாளுக்குச் சேரும் ஏற்பாடு அது. இப்படத்திலும் விருந்தோம்பும் வீடு மஜீதின் வீடு என்றே அறியப்படுகிறது. ஆனால் விருந்தோம்புபவர் ஜமீலா. மஜீதுக்கும் சாமுவேலுக்கும் இடையிலான நட்பாகப் பேசப்படும் உறவு, ஊதியமில்லாத இரண்டு பெண்களின் உழைப்பின் மீது நிற்கிறது.

கூலியாளர் விருந்தினராக மாறும்போது மற்றொன்றும் நிகழ்கிறது. கூலியாளருக்குக் கேட்கும் உரிமை உண்டு. விருந்தினருக்கு அது இல்லை. கொடுக்கப்படுவதை மகிழ்ந்து ஏற்பதே விருந்தினரின் பண்பு. திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரம், அளிப்பவரின் முகம் மாறினாலே விருந்தினர் வாடிவிடுவர் என்று விருந்தினரின் மென்மையை உணர்த்துகிறது. அவ்வளவு மெல்லிய நிலையில் இருப்பவர் தமக்கு வரவேண்டிய தொகையைப் பற்றிப் பேச முடியாது. சாமுவேலின் ஊதியம், அவன் ஆடாத நாள்களின் இழப்பு, அவன் குடும்பத்துக்கு அனுப்பவேண்டிய பணம் ஆகியவை இரண்டாம் பகுதியில் பின்னுக்குச் செல்கின்றன. அன்பு பெருகும் அளவுக்குக் கணக்கு மங்குகிறது. இது படத்தின் குறை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. விருந்தோம்பல் என்னும் நிறுவனத்தின் இயல்பையே படம் அறிந்தோ அறியாமலோ வெளிப்படுத்துகிறது.

பொதுமொழி இல்லாத உரையாடல்

சாமுவேலுக்கு மலையாளம் தெரியாது. ஜமீலாவுக்கும் பீயும்மாவுக்கும் ஆங்கிலம் தெரியாது. மஜீதின் ஆங்கிலம் அரைகுறை. இத்தடை வழக்கமாக நகைச்சுவைக்குப் பயன்படும், இப்படத்திலும் பயன்பட்டுள்ளது. ஆயினும் அந்நகைச்சுவை சாமுவேலின் மீது மட்டும் விழாமல் இருபுறமும் பகிரப்படுகிறது. மஜீதின் தடுமாறும் ஆங்கிலமும் அதே அளவுக்குச் சிரிப்புக்கு உள்ளாகிறது.

ஜமீலா சாமுவேலிடம் தம் வட்டார மலையாளத்திலேயே பேசுகிறார். அவன் புரிந்துகொள்ளமாட்டான் என்பது அவருக்குத் தெரியும். குழந்தையிடமும் நோயாளியிடமும் கால்நடையிடமும் பேசுவதுபோல, விடையை எதிர்பாராமல் பேசும் பேச்சு அது. அதன் பொருள் சொற்களில் இல்லாமல் பேசுதலிலேயே இருக்கிறது. பாட்டியின் இறப்புச் செய்தி வந்து சாமுவேல் நொறுங்கும்போது அவ்வீடு அத்துயரைத் தன்னுடையதாக ஏற்பதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படுவதில்லை. தம் வயதையொத்த ஒரு முதியவள் தொலைநாட்டில் இறந்துவிட்டாள் என்பதும், அவள் முகத்தைப் பார்க்க அவள் வளர்த்த பேரன் போக முடியவில்லை என்பதும் அப்பெண்களுக்குப் போதுமான செய்திகள்.

இங்கு ஒரு வேறுபாட்டைச் சுட்டவேண்டும். துயரத்தைப் பகிர்வதற்குப் பொதுமொழி தேவையில்லை. உரிமையைக் கேட்பதற்கு அது தேவை. சாமுவேலின் அழுகை எல்லார்க்கும் புரிகிறது. அவனுடைய சட்டச்சிக்கலோ மஜீதுக்கும்கூட முழுமையாக விளங்க நெடுநேரம் ஆகிறது. மொழியற்ற உறவின் அழகையும் போதாமையையும் படம் அருகருகே வைக்கிறது.

வீட்டுக்குள் இருக்கும் அயலார்

இப்படத்தில் அயலார் ஒருவர் அல்லர், இருவர். மஜீதின் தாய் மறுமணம் செய்துகொண்டவர். அவருடைய இரண்டாம் கணவர் வெளியூரில் காவலாளியாகப் பணிபுரிந்து, எப்போதாவது வீட்டுக்கு வந்து செல்பவர். மஜீத் அவரை ஏற்பதில்லை. அவர் வந்தால் இவன் முகம் கொடுப்பதில்லை. கே.டி.சி. அப்துல்லா ஏற்ற இப்பாத்திரம், தமக்கு உரிமையுள்ள வீட்டில் தயங்கித் தயங்கி நிற்கும் முதியவரைக் காட்டுகிறது.

இரு அயலாரையும் ஒப்பிடும்போது படத்தின் ஆழம் புலப்படுகிறது. கண்டம் கடந்து வந்த சாமுவேலுக்கு மஜீதின் வீட்டில் கட்டிலும் உணவும் கவனிப்பும் கிடைக்கின்றன. தாயை மணந்தவருக்கு ஒரு நல்ல சொல்கூடக் கிடைப்பதில்லை. காரணம் தெளிவு. சாமுவேல் ஒருநாள் போய்விடுவான். அவன் வருகை வீட்டின் அமைப்பை மாற்றாது. மாற்றாந்தந்தையோ தங்க வந்தவர். அவரை ஏற்பது என்பது தந்தையின் இடத்தை, தாயின் விருப்பத்தை, தன் நிலையை மறுவரையறை செய்வது. விருந்தினரை ஏற்பதைவிட உறவு கோரி வருபவரை ஏற்பது கடினம். விருந்தோம்பலின் இனிமைக்கு விருந்தினர் திரும்பிச் செல்வார் என்னும் உறுதியும் ஒரு காரணம்.

ஜமீலா இவ்விருவருக்கும் இடையே நிற்கிறார். மகனின் விருந்தினருக்கு அவர் செய்வதில் குறையில்லை. தம் கணவருக்கு மகன் செய்யாததைக் கேட்க அவருக்கு வாயில்லை. அவருடைய மௌனத்தின் கனம் படத்தில் அழுகைக் காட்சிகளைவிட வலிமையுடையது. இறுதிப்பகுதியில் மஜீத் மாற்றாந்தந்தையை நோக்கி மனம் நெகிழ்வதற்குச் சாமுவேலோடு பழகிய நாள்களே வழிவகுக்கின்றன. தாய்தந்தையரை இழந்து, எஞ்சிய பாட்டியையும் இழந்தவன் ஒருவனை அருகிருந்து கண்டபின், தனக்கு வாய்த்த ஓர் உறவைத் தள்ளி வைத்திருப்பதன் பொருள் அவனுக்குப் புரிகிறது. நட்பின் பயன் நண்பனோடு நின்றுவிடாமல் வீட்டுக்குள் திரும்புகிறது. படத்தின் மிகச்சிறந்த கட்டமைப்பு இதுவே எனலாம்.

எனினும் இக்கட்டமைப்புக்குள்ளும் ஓர் ஏற்றத்தாழ்வு உண்டு. சாமுவேலின் துயரம் மஜீதைத் திருத்துவதற்குப் பயன்படுகிறது. மஜீதின் வாழ்வில் நிகழும் மாற்றத்துக்கு இணையான மாற்றம் எதுவும் சாமுவேலின் வாழ்வில் நிகழ்வதாகப் படம் காட்டுவதில்லை. அவன் வந்த காரணமான வறுமையும் அவன் தங்கைகளின் எதிர்காலமும் அவன் புறப்படும்போதும் முன்போலவே உள்ளன. அயலாரின் வருகையால் உள்ளூரார் மேம்படுவது இவ்வகைக் கதைகளில் பொதுவாகக் காணப்படும் அமைப்பு. அதிலிருந்து இப்படம் முழுமையாக விலகிவிடவில்லை.

கடவுச்சீட்டு: விருந்தோம்பலின் எல்லை

அன்பினால் தீர்க்க இயலாத ஒரு சிக்கலைப் படம் நடுவில் வைத்திருப்பது அதன் நேர்மைக்குச் சான்று. சாமுவேலின் கடவுச்சீட்டு காணாமற்போகிறது. புதிய ஆவணம் பெற முயலலாம் என்றால், காணாமற்போனதே போலிக் கடவுச்சீட்டு. அகதி வாழ்விலிருந்து வெளியேற அவனுக்குக் கிடைத்த வழி அதுதான். காவல்துறையின் விசாரணை வரும்போது, அதுவரை ஊரார் பார்த்து மகிழ்ந்த விருந்தினன் ஐயத்துக்குரிய அயல்நாட்டவனாக மாறுகிறான்.

வீடு ஒருவரை விருந்தினர் என்று கொள்ளலாம். அரசு அவரை ஆவணத்தால் மட்டுமே அறியும். வாசலுக்கு உள்ளே சாமுவேலின் பெயரையும் முகத்தையும் துயரத்தையும் அறிந்தவர்கள் இருக்கிறார்கள். வாசலுக்கு வெளியே அவன் ஆவணமற்ற உடல். ஜமீலாவின் சமையலறை எவ்வளவு அகன்றதாயினும் அது எல்லையைத் திறக்காது. பாட்டி இறந்தபோதும் அவன் உடனே ஊர் திரும்ப முடியாமற்போவது இதனால்தான். விருந்தோம்பல் இங்கு தன் எல்லையைத் தொடுகிறது. படம் அவ்வெல்லையை மறைக்கவில்லை.

இக்கருப்பொருள் திரைக்கு வெளியேயும் தொடர்ந்தது. 2019 டிசம்பரில் தேசிய விருது வழங்கும் விழா நடைபெற இருந்தபோது, குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கும் தேசியக் குடிமக்கள் பதிவேட்டுக்கும் எதிர்ப்புத் தெரிவித்து இயக்குநர் உள்ளிட்ட படக்குழுவினர் விழாவில் பங்கேற்பதில்லை என அறிவித்தனர். ஆவணமில்லாத ஒருவனின் அச்சத்தைக் கதையாக்கியவர்கள், ஆவணத்தால் குடிமையை அளக்கும் முறையை எதிர்த்தது படத்தின் உள்ளடக்கத்தோடு இசைந்த செயல். அயல்நாட்டவர் மட்டுமன்றிச் சொந்த மண்ணில் பிறந்தவரும் ஆவணத்தின்முன் அயலாராகக் கூடும் என்னும் பொருளை அம்முடிவு படத்துக்குக் கூட்டியது.

திரைக்கு வெளியே எழுந்த ஊதியச் சர்ச்சை

படம் வெளியாகி ஓடிக்கொண்டிருந்தபோதே மற்றொரு நிகழ்வும் நடந்தது. சாமுவேல் அபியோலா ராபின்சன், மலையாள நடிகர்களோடு ஒப்பிடும்போது தமக்கு மிகக் குறைந்த ஊதியம் வழங்கப்பட்டது என்றும், அதற்கு இனப்பாகுபாடே காரணம் என்றும் சமூக ஊடகத்தில் வெளிப்படையாக எழுதினார். தயாரிப்பாளர்கள் இதனை மறுத்தனர். சிறு முதலீட்டுப் படம் என்பதையும், ஒப்பந்தத்தில் இருதரப்பும் ஏற்ற தொகையே வழங்கப்பட்டது என்பதையும் அவர்கள் எடுத்துரைத்தனர். சில நாள்களில் கூடுதல் தொகை வழங்கப்பட்டுச் சிக்கல் தீர்ந்தது. இனப்பாகுபாடு நிகழவில்லை எனத் தாம் உணர்ந்ததாகக் கூறி ராபின்சன் குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றார்.

சர்ச்சை இணக்கமாக முடிந்துவிட்ட நிலையில் எத்தரப்பையும் இங்குத் தீர்ப்பிட வேண்டியதில்லை. ஆனால் திறனாய்வு நோக்கில் இந்நிகழ்வு ஒதுக்கத்தக்கதன்று. திரைக்கதையின் இரண்டாம் பகுதி எந்த வினாவைப் பின்னுக்குத் தள்ளியதோ, அதே வினா திரைக்கு வெளியே நடிகரின் குரலில் திரும்பி வந்தது. கதையின் சாமுவேல் விருந்தினனாகிக் கணக்குக் கேட்காமல் விடைபெறுகிறான். அப்பாத்திரத்தை ஏற்ற தொழிலாளியான நடிகர் கணக்குக் கேட்டார். கேட்டபோது பொதுவெளியில் எழுந்த எதிர்வினைகள் சிலவற்றில், இவ்வளவு அன்பு காட்டியபின்னும் இப்படிக் கேட்கலாமா என்னும் தொனி ஒலித்தது. விருந்தினராக ஏற்கப்பட்டவரிடமிருந்து உரிமைக் கோரிக்கை எழும்போது அது நன்றியின்மையாகக் காணப்படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

சட்டை மாற்றம்

விமான நிலையத்தில் மஜீதும் சாமுவேலும் தம் அணிச்சட்டைகளை மாற்றிக்கொள்ளும் இறுதிக்காட்சி இப்பின்னணியில் மறுவாசிப்புக்கு இடம் தருகிறது. கால்பந்தில் ஆட்டம் முடிந்தபின் எதிரணி வீரர்கள் சட்டைகளை மாற்றிக்கொள்வது மதிப்பின் அடையாளம். அம்மரபின் முதன்மைக்கூறு சமநிலை. ஒருவர் கொடுப்பவரும் மற்றவர் பெறுபவருமாக அது அமைவதில்லை. இருவரும் கொடுக்கின்றனர், இருவரும் பெறுகின்றனர், கொடுக்கப்படுவது இருவரின் வியர்வையும் படிந்த தொழிலுடை.

கதையின் நெடும்பகுதியில் மஜீதின் குடும்பம் கொடுத்தது, சாமுவேல் பெற்றான். விருந்தின் இயல்பு அது. சட்டை மாற்றத்தில்தான் அவ்வொருவழிப்போக்கு முறிகிறது. உண்பித்தவனும் உண்டவனும் என்னும் வேறுபாடு மறைந்து, இரண்டு ஆட்டக்காரர்கள் எதிரெதிரே நிற்கின்றனர். மஜீதும் பந்தையே நம்பிப் பிழைப்பவன் என்பது அப்போது நினைவுக்கு வருகிறது. விருந்து உறவினால் மறைக்கப்பட்ட தொழிலுறவு, சுரண்டலின் வடிவில் அல்லாமல் தோழமையின் வடிவில் மீள்கிறது. நட்பு என்னும் சொல்லுக்குப் படம் தரும் முழுமையான காட்சி இதுவே. அதற்கு முன்னர் நிலவியது அன்பு. நட்புக்குத் தேவையான சமநிலை இங்குதான் கிட்டுகிறது. அது கிட்டும் கணத்திலேயே பிரிவும் நேர்வதால், அச்சமநிலை அன்றாட வாழ்வில் எவ்வாறு நிலைக்கும் என்பதைச் சோதிக்கும் தேவை படத்துக்கு ஏற்படவில்லை.

முடிவுரை

‘சூடானி ஃப்ரம் நைஜீரியா’ அயலாரை நேசிக்கச் சொல்லும் எளிய படமாகத் தோன்றினாலும், அந்நேசம் எவ்வழியே உருவாகிறது என்பதற்கான தடயங்களைத் தன்னுள் கொண்டுள்ளது. ஒப்பந்தத்தால் வந்தவன் விபத்தால் விருந்தினனாகிறான். பெண்களின் உழைப்பு அவனைத் தாங்குகிறது. பிழைபெயரால் அழைக்கப்பட்டவன் தன் வரலாற்றால் அறியப்படுகிறான். மாற்றாந்தந்தை என்னும் உள்ளூர் அயலாரை ஏற்கும் மனநிலையை அவன் வருகை உருவாக்குகிறது. கடவுச்சீட்டுச் சிக்கல் விருந்தோம்பலின் எல்லையைக் காட்டுகிறது. சட்டை மாற்றம் அவ்வெல்லைக்கு அப்பாலுள்ள சமநிலையை ஒரு கணம் முன்னிறுத்துகிறது.

விருந்து, கூலியின் இடத்தை நிரப்ப முடியாது. ஒருவருக்கு உணவளித்ததால் அவர் உழைப்பின் மதிப்பு தீர்ந்துவிடுவதில்லை. புலம்பெயர் தொழிலாளரைப் பற்றிய கதைகள் பெருகிவரும் இக்காலத்தில், அவர்களை விருந்தினராகக் காட்டி நெகிழ்வதோடு நிற்கும் படைப்புகளையும், உழைப்பவராக ஏற்று உரிமையைப் பேசும் படைப்புகளையும் வேறுபடுத்திக் காண்பது திறனாய்வின் கடமை. இப்படம் முதல்வகையில் தொடங்கி இரண்டாம் வகையின் வாசலில் வந்து நிற்கிறது. அவ்வாசல்வரை வந்ததற்காக அது மதிக்கத்தக்கது. கடக்காத தொலைவை அளப்பதற்கு, கதையின் சாமுவேல் கேட்காத கணக்கை நடிகர் சாமுவேல் கேட்டார் என்னும் செய்தி அளவுகோலாகிறது.